வாக்கி-டாக்கியில் அவர்கள் பேசுவது கேட்கிறது, நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை

செட் கெட்டிருக்காது, டோன் பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். சுங்கை சிப்புட் கோயில் ஊர்வலத்துக்கு வாங்கிய புது செட்டில் எல்லார் குரலும் வருகிறது, பேசும் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கும் எரிகிறது என்கிறீர்களே, அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

மற்றவர்களின் பழைய செட்டுகளில் சிடிசிஎஸ்எஸ் (CTCSS) டோன் போட்டிருப்பார்கள். குரலோடு சேர்ந்து போகும் தாழ்ந்த ஒலி அது. அது இல்லாமல் வரும் பேச்சுக்கு அவர்கள் ஸ்பீக்கர் திறக்காது. உங்களுடையதில் டோன் இல்லை, அதனால் எல்லாம் கேட்கிறது.

1. பழைய செட்டின் மானிட்டர் பொத்தானை (டோன் இல்லாவிட்டாலும் ஸ்பீக்கரைத் திறந்துவைக்கும் பொத்தான்) ஒருவர் அழுத்திப் பிடிக்கட்டும். 'ஷ்ஷ்' என்று இரையும், அது சகஜம்.
2. நீங்கள் இருபது அடி தள்ளி நின்று, பொத்தானை அழுத்தி ஒரு விநாடி விட்டுப் பேசுங்கள். (பலர் அழுத்தும்போதே பேசி முதல் சொல்லை விழுங்கிவிடுகிறார்கள்.)

கேட்டால் டோன்தான். பழைய செட்டில் உள்ள டோனையே உங்கள் செட்டின் மெனுவில் வையுங்கள். ஆனால் '12' என்பதுபோல் வரும் டோன் எண்ணை நம்பாதீர்கள், பிராண்டுக்கு பிராண்டு மாறும், 88.5 ஹெர்ட்ஸ் என்பதுபோல் ஹெர்ட்ஸைப் பாருங்கள். மெனு இல்லாத செட்டைக் கடையில் கணினியில் மாட்டித்தான் மாற்ற வேண்டும்.

மானிட்டரிலும் கேட்காவிட்டால் மைக் கோளாறு, அல்லது அனுப்பும் அலைவரிசை வேறு. எதுவானாலும் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தாதீர்கள், உள்ளே பழுதாகும்.