இனெர்ட் கேஸ் உள்ள டேங்கில் எல்இஎல் பூஜ்யம் காட்டினால்

கச்சா எண்ணெய் இறக்கிய, இனெர்ட் கேஸ் (தீப்பற்றாமலிருக்க நிரப்பும் ஆக்சிஜன் குறைந்த வாயு) உள்ள டேங்கில் ஆக்சிஜன் 5%, எல்இஎல் (வாயு காற்றில் தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்பது) 0% காட்டுகிறது, உள்ளே இறங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இறங்கவே கூடாது. அந்தப் பூஜ்யத்தை நம்பாதீர்கள். சாதாரண எல்இஎல் மீட்டர் வாயுவைச் சூடான இழையில் எரித்துத்தான் அளக்கும். போதிய ஆக்சிஜன் இல்லையென்றால் எரியாது, முள்ளும் அசையாது. (5% ஆக்சிஜனில் ஆள் உடனே சாய்ந்துவிடுவார், அது வேறு.)

டேங்க்ஸ்கோப்பால் (ஆக்சிஜன் குறைந்த இடத்திலும் அளக்கும் கருவி) ஹைட்ரோகார்பனை, அதாவது எண்ணெய் ஆவியை, கன அளவு விழுக்காட்டில் பாருங்கள். 2%க்குக் கீழே வரும்வரை இனெர்ட் கேஸாலேயே பர்ஜ் செய்யுங்கள் (அந்த ஆவியை வெளியே தள்ளுங்கள்); அதற்குமுன் காற்றை விட்டால் கலவை தீப்பற்றும் எல்லைக்குள் போய்விடும். பிறகு காற்றடித்து மேல், நடு, அடி மூன்றிலும் ஆக்சிஜன் 20.9%, எல்இஎல் 1%க்குக் கீழ் வர வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவையும் அளந்து பாருங்கள். அடிச்சகதியைக் கிளறினால் மறுபடி கிளம்பும்.