பெரிய கோயில் சோழர் ஓவியங்கள்: உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தே போங்கள்

"தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் கால ஓவியங்களைப் பார்க்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? அடுத்த மாதம் வயதான அப்பா அம்மாவுடன் போகிறோம்" என்று கேட்டிருக்கிறீர்கள். 'அப்பா அம்மாவுடன்' என்று படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஓவியங்கள் கருவறையைச் சுற்றி, இரண்டு கனத்த சுவர்களுக்கு நடுவே போகும் குறுகலான சுற்றுப்பாதையில் இருக்கின்றன. அதைப் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. அதற்கு மேல்தளத்தில் இருக்கும் 81 கரணச் சிற்பங்களும் (நாட்டிய நிலைகளைக் காட்டும் சிற்பங்கள்) அப்படித்தான். "எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், உள்ளே விட்டுவிடுவார்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் நம்பினேன்.

என் அப்பா 31 வருஷம் பள்ளிக்கூட ஓவிய வாத்தியார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அந்த இருட்டுப் பாதைக்குள் போய், நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடத்தில் அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டுபிடித்த கதையை ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்வார். நேரில் பார்த்ததே இல்லை. ரிட்டையர் ஆன பிறகு நான்தான் ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டினேன். அவர் கொடுத்த தாளில் 'சோழர் ஓவியங்கள்' என்று தனி வரியே இருந்தது. அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அங்கே போனால் காவலர் முடியாது என்றார். நான் கெஞ்சினேன், குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அப்பாதான் என் கையைப் பிடித்து, "விடுடா, அவர் செய்றதுதான் சரி. சுண்ணாம்புப் பூச்சுக்குள்ள ஊறின வர்ணம் அது. தினம் ஆயிரம் பேர் மூச்சுக் காத்து பட்டா எத்தனை நாள் நிக்கும்?" என்றார். ஆசைப்பட்டு வந்த மனுஷரே அப்படிச் சொன்னதும் எனக்குப் பேச வாய் வரவில்லை.

கோயில் வளாகத்திலேயே தொல்லியல் துறையின் விளக்க மையம் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஓவியங்களின் படங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். அப்பா அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார். சுந்தரர் வெள்ளை யானையில் கயிலாயம் போகிற காட்சிக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, யானையின் துதிக்கைக் கோட்டை ஆள்காட்டி விரலால் காற்றிலேயே ஒரே இழுப்பில் இழுத்துப் பார்த்தார். "கை எடுக்காம போட்டிருக்கான் பாரு" என்றார். சுந்தரரின் கல்யாணப் பந்தலில் கிழவர் வேஷத்தில் சிவன் ஓலையோடு வந்து வழக்காடும் காட்சியும் அங்கே உண்டு, தவறவிடாதீர்கள்.

"கோயிலுக்குச் சாமி கும்பிடப் போகிறாயா, சுவரைப் பார்க்கப் போகிறாயா?" என்று யாராவது கீழே கருத்துப் பகுதியில் கேட்கக்கூடும். இரண்டுக்கும்தான் போகிறேன். 1010இல் குடமுழுக்கு செய்த ராஜராஜன் கட்டிய கோயிலில் சாமியைச் சுற்றிலும் சித்திரம்தானே இருக்கிறது? படம் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இருக்கிற வழி அதுதான்.

இதோடு சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவிய பீரியடுதான். கணக்கு வாத்தியார் வந்து வாசலில் நிற்பார், அப்பா சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். ஆண்டு விழா மேடை ஜோடனைக்கு மட்டும் அவரைத் தேடுவார்கள். கோபுர நிழல் தரையில் விழாது என்ற பொய்யை நம் ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள் (தாராளமாக விழும், சாயங்காலம் பாருங்கள்), உள்ளே ஆயிரம் வருஷத்து ஓவியம் இருப்பது பலருக்குத் தெரியாமலே போனதற்கு இந்தப் பறிபோன பீரியடுகளும் காரணம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சரி, உங்கள் பயணத்துக்கு வருகிறேன். காலையில் சீக்கிரமே போய்விடுங்கள். மத்தியானம் நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகும். அதற்குள் கல்தரை கொதிக்கும், வயதானவர்களால் வெறுங்காலில் நிற்க முடியாது. தரிசனம் முடிந்ததும் விளக்க மையம். பிறகு நிழலாக இருக்கும் திருச்சுற்று மாளிகையில் (மதிலை ஒட்டி ஓடும் தூண் மண்டபம்) மெதுவாக நடந்தால், வரிசையாக வைத்த லிங்கங்களுக்குப் பின்னால் சுவரிலேயே பிற்கால ஓவியங்கள் இருக்கின்றன. கிட்டே நின்று பார்க்கலாம். தொடாமல் பார்க்கச் சொல்லுங்கள். கிளம்பும் முன்பே அப்பா அம்மாவிடம் உள்பாதை மூடியிருக்கும் என்று சொல்லிவிடுங்கள். என் அப்பாவுக்கு அதை வாசலில் நிற்கவைத்துத்தான் சொல்ல நேர்ந்தது.