அரிவாள் கீழே விழுந்த நொடி: பக்கத்து வீட்டுச் சண்டையும் தற்காப்புரிமையும்

கேள்வி: எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் மூன்றடிச் சந்து. அது யாருக்குச் சொந்தம் என்று பல வருடமாகத் தகராறு. போன மாதம் நானும் என் மகனும் அங்கே வேலி போட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் வெட்டரிவாளோடு வந்து மகனை வெட்டினார். தடுத்ததில் மகனின் முன்கையில் வெட்டு. அவர் மறுபடி ஓங்கியபோது, பக்கத்தில் கிடந்த மண்வெட்டிக் காம்பால் நான் அடித்தேன். அவர் கை எலும்பு முறிந்தது, அரிவாள் விழுந்தது. அதன் பிறகும் கோபத்தில் முதுகில் இன்னொரு அடி போட்டுவிட்டேன். அவர் அரசு மருத்துவமனையில் சேர்ந்து புகார் கொடுக்க, எங்கள் இருவர் மீதும் எப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். மகனுக்குத் தனியார் கிளினிக்கில் தையல் போட்டோம். எங்கள் புகாரை ஸ்டேஷனில் வாங்கவில்லை. தற்காப்பு என்று சொன்னால் எடுபடுமா? அவர் திரும்ப வந்தால் நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: எடுபடும், முதல் அடிக்கு. இரண்டாவது அடிக்கு அதே பதிலைச் சொல்ல முடியாது. உங்கள் வழக்கே இந்த இரண்டு அடிகளையும் பிரித்துக் காட்டுவதில்தான் இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 96 முதல் 106 வரையிலான தற்காப்புப் பிரிவுகள் இப்போது 34 முதல் 44 வரை. எண்கள்தான் மாறியிருக்கின்றன, உள்ளடக்கம் பெரும்பாலும் பழையதே. அதனால் முந்தைய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இன்றும் செல்லும்.

பிரிவு 35, தன் உடலை மட்டுமல்ல, வேறு எவருடைய உடலையும் காக்கும் உரிமையைத் தருகிறது. மகனுக்காக நீங்கள் அடித்தது அதற்குள் வரும். பிரிவு 38, உயிர் போகும் அல்லது கொடுங்காயம் (எலும்பு முறிவு போன்ற பெருங்காயம்) ஏற்படும் என்று நியாயமாக அஞ்சத்தக்க தாக்குதல் நடந்தால், தாக்குபவரின் உயிரே போகும் அளவுக்குத் தற்காத்துக்கொள்ளவும் அனுமதிக்கிறது. ஒருமுறை வெட்டிவிட்டு மறுபடி ஓங்கிய அரிவாளுக்கு முன்னால் அந்த அச்சம் நியாயமானதா என்று யாரும் நீண்ட நேரம் வாதாட வேண்டியதில்லை. கை எலும்பு முறிவு அந்த எல்லைக்கு மிகவும் உள்ளேயே நிற்கிறது.

ஆயுதத்துக்கு ஆயுதம் சமமாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1973ஆம் ஆண்டு தேவ் நாராயண் வழக்கில் தலையில் தடியடி வாங்கியவர் ஈட்டியால் திருப்பிக் குத்தினார். தடிக்கு ஈட்டி அதிகம் என்று உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தலையில் விழும் தடியடியும் உயிரைக் குடிக்கக்கூடியது, அந்த நேரத்தில் யாராலும் தராசு பிடித்து நிறுத்துப் பார்த்து அடிக்க முடியாது என்பதே அதன் சாரம். 2010ஆம் ஆண்டு தர்ஷன் சிங் வழக்கும் இதே வழியில், முதல் வெட்டு விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நியாயமான அச்சம் எழுந்த நொடியே உரிமை தொடங்கிவிடுகிறது என்று தொகுத்துச் சொல்கிறது.

உரிமை தொடங்கும் நேரத்தைச் சொல்லும் பிரிவு 40தான் அது முடியும் நேரத்தையும் சொல்கிறது: அச்சம் நீடிக்கும்வரை. அரிவாள் தரையில் விழுந்த பிறகு அவர் என்ன செய்தார்? நீங்களும் மகனும் தனித்தனியே உட்கார்ந்து, கோபத்தை ஒதுக்கிவிட்டு, நினைவுபடுத்திப் பாருங்கள். அவர் குனிந்து இடது கையால் அரிவாளை எடுக்கப் போயிருந்தால் ஆபத்து தீரவில்லை, இரண்டாவது அடியும் தற்காப்பே. முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்திருந்தால் ஆபத்து தீர்ந்துவிட்டது, அந்த அடி தாக்குதல். அந்தத் தாக்குதலைத் தடுக்க அவருக்கே தற்காப்புரிமை பிறந்துவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். முதுகுக் காயம் மருத்துவருக்கு ஒரு கதை சொல்லும்: முகம் பார்த்து நின்றவருக்கு முதுகில் அடி விழாது. குனிந்தவருக்கும் விழும், ஓடியவருக்கும் விழும். காயம் முதுகின் மேல்பகுதியில் குறுக்காகவா, இடுப்புப் பக்கமா, அடி மேலிருந்து கீழாக விழுந்ததா என்பதெல்லாம் இங்கே முக்கியம். காயச் சான்றிதழின் நகலை வழக்கறிஞர் மூலம் பெற்று இதை முதலில் பாருங்கள்.

நடக்காததை நடந்ததாகச் சொல்லாதீர்கள். உண்மையில் அவர் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாலும் வழக்கு முழுதும் இடிந்துவிடாது. எலும்பை முறித்தது முதல் அடி. இரண்டாவது அடியால் முதுகில் கன்றிப்போன காயம் மட்டும் என்றால், உயிருக்கு ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் என்ற 118(2) குற்றச்சாட்டு அந்த அடியின் மீது நிற்பது கடினம். 118(2)க்கு ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறை, ஆயுள் தண்டனையும் விதிக்கலாம். அதே ஆயுதத்தால் சாதாரணக் காயம், அதாவது 118(1) என்றால் அதிகபட்சம் மூன்றாண்டு. கடுமையான திடீர்த் தூண்டுதலால் காயம் விளைவித்தால் தண்டனையைக் குறைக்கும் பிரிவு 122ஐயும் வழக்கறிஞர் முன்வைக்கலாம். வேறுபாடு எவ்வளவு பெரிது என்று பாருங்கள். அதனால்தான் எந்த அடியால் எந்தக் காயம் என்பதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

இப்போது உங்கள் பக்கத்துப் பெரிய ஓட்டை: மகனின் காயம் எந்த அரசு ஆவணத்திலும் இல்லை. ஊர்ச் சண்டைகளில் தற்காப்பு வாதம் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எதிராளிக்கு அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது ஏ.ஆர். காப்பி இருக்கிறது. அதில் 'தெரிந்த இருவர் கட்டையால் அடித்ததாக' என்று அவர் சொன்னது பதிவாகியிருக்கும். உங்களிடம் தையல் பில் மட்டும். நாளையே மகனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், எந்தத் தேதியில், எந்த ஆயுதத்தால் ஏற்பட்டது என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். தாமதம் ஏன் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வடு இருக்கும்வரை மருத்துவர் அதன் நீளத்தையும் இடத்தையும் எழுத முடியும். கிளினிக்கில் நோயாளிப் பதிவு, தையல் எண்ணிக்கை, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேதி, கையெழுத்து, முத்திரையோடு வாங்குங்கள். அந்த மருத்துவரும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லலாம். முன்கையின் வெளிப்பக்கத்து வெட்டு என்றால் அது கையை உயர்த்தித் தடுத்ததற்கான அடையாளம், குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவரின் உடலில் அதே சம்பவத்தில் ஏற்பட்ட காயத்தை அரசுத் தரப்பு விளக்காமல் விட்டால், அவர்கள் உண்மையின் ஒரு பகுதியை மறைக்கிறார்கள் என்று நீதிமன்றம் கருத இடமுண்டு. 1976ஆம் ஆண்டு லட்சுமி சிங் தீர்ப்பு இதைத்தான் சொல்கிறது. ஆனால் காயம் இருந்தது என்று தெரிந்தால்தானே விளக்கம் கேட்க முடியும்?

மகன் அன்று போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் இருந்தால் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். மண்வெட்டிக் காம்பைக் கழுவுவதோ, எரிப்பதோ, ஒளிப்பதோ கூடாது. அது சாட்சியத்தை மறைப்பது, பிரிவு 238இன்படி தனிக் குற்றம், தற்காப்பு என்று சொல்பவருக்குத் தேவையும் இல்லாதது. விசாரணை அதிகாரி கேட்டால் மகஜர், அதாவது சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றல் பதிவு, எழுதச் சொல்லி ஒப்படையுங்கள். தெருவில் யார் வீட்டிலாவது சி.சி.டி.வி. இருந்தால் இன்றே கேளுங்கள், பழைய பதிவுகள் மேல் புதியவை ஏறி அழிந்துகொண்டே இருக்கும். செல்போனில் யாராவது படம் பிடித்திருந்தால் அந்தப் போனே மூலச் சாட்சியம். வாட்ஸ்அப்பில் சுற்றிய நகலை நம்பி மூலத்தை அழித்துவிட்டால், புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) பிரிவு 63 கேட்கும் சான்றிதழைக் கொடுக்க ஆளிருக்காது.

ஸ்டேஷனில் வாங்காத புகாருக்கு வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173, மின்னணு வழியில் அனுப்பும் புகாரையும் ஏற்கிறது. மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். நிலைய அதிகாரி பதிவு செய்ய மறுத்தால் 173(4)இன்படி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அனுப்பியதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் பலன் இல்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு குற்றவியல் நடுவரிடம் மனு. புகார் வந்ததற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது எப்.ஐ.ஆர். ஆகாது.

ஒரே சம்பவத்தில் புகாரும் எதிர்ப்புகாரும் வந்தால் இரண்டையும் விசாரித்து, முதலில் தாக்கியவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பதே தமிழ்நாடு காவல் நிலை ஆணை 566இன் கருத்து. உங்கள் புகார் மனுவிலேயே எதிர்த்தரப்பு எப்.ஐ.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, இந்த ஆணைப்படி இரண்டையும் சேர்த்து விசாரிக்கக் கோருங்கள். இரண்டு வழக்குகளும் நீதிமன்றம் போனால் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரித்துத் தீர்ப்பளிக்க வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டு நத்தி லால் தீர்ப்பு.

118(2) ஜாமீனில் விடக்கூடாத குற்றம். இன்னும் கைதாகவில்லை என்றால் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 482இன்படி முன்ஜாமீன் மனுவைத் தாமதிக்காதீர்கள், மகனின் காய ஆவணத்தை அதிலேயே இணையுங்கள். வழக்கறிஞரிடம் பேசாமல் போலீசாரிடம் விரிவான வாக்குமூலம் கொடுக்க வேண்டாம். உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. அதோடு, 'நான் அங்கே இல்லவே இல்லை, அடிக்கவே இல்லை' என்று யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிவிடாதீர்கள். அடிக்கவில்லை என்பவர் பிறகு தற்காப்புக்காக அடித்தேன் என்றால் எதை நம்புவது? வெளிப்படையாகக் கோராவிட்டாலும் சாட்சியத்தில் தெரிந்தால் நீதிமன்றம் தற்காப்பைக் கருதலாம் என்று முன்ஷி ராம் வழக்கு (1968) சொல்கிறது, ஆனால் அந்த நூலிழையை நம்பி வழக்கு நடத்தக் கூடாது. நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. எனினும் ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். எதிர்ச்சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தே அதைக் காட்டிவிடலாம்.

அவர் மறுபடி வந்தால்? வாசலில் நின்று 'வெட்டிப்புடுவேன்' என்று கத்துகிறார், உங்கள் கதவு மூடியிருக்கிறது என்றால், காவல்துறையின் உதவியை நாட நேரம் இருக்கிறது. பிரிவு 37, அந்த நேரம் இருக்கும்போது தற்காப்புரிமை இல்லை என்கிறது. 100 அல்லது 112க்கு அழையுங்கள், அழைத்த நேரம் உங்களுக்குச் சாட்சி. கதவைத் திறந்து கம்போடு இறங்கினால், இருவரும் தயாராக வந்து மோதிய சண்டையாகிவிடும். அதில் யாருக்கும் தற்காப்பு இல்லை. கதவை உடைத்து உள்ளே வருகிறார் என்றால் நிலைமை வேறு. வீட்டுக்குள் இருப்பவர் கோழையைப் போல ஓடியாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

வேலியை மட்டும் வெட்டுகிறார் என்றால் அது சொத்துச் சேதம். பிரிவு 42இன்படி உயிர் போகாத அளவில், தேவையான அளவு தடுக்கலாம், பிடித்து நிறுத்தலாம். வெட்டி முடித்துப் போய்விட்டால் தடுக்க எதுவும் இல்லை, புகார் மட்டுமே. இந்த உரிமையும் அந்த இடம் உங்கள் அமைதியான அனுபவத்தில் இருந்தால்தான். பல வருடத் தகராறு உள்ள சந்தில் அளக்காமல் வேலி போட்டது, என் கணிப்பில், உங்கள் வழக்கின் இரண்டாவது பலவீனம். 'எங்கள் இடத்தில் அத்துமீறினார்கள், தடுத்தோம்' என்று அவர்கள் சொல்வார்கள். அதற்காக உங்கள் மகனை அரிவாளால் வெட்ட அவர்களுக்கு உரிமை வராது, இருந்தாலும் கதையின் தொடக்கம் அவர்கள் கைக்குப் போய்விடும்.

இரவில் வேலியில் மின்சாரம் பாய்ச்சலாமா என்று இத்தகைய தகராறுகளில் சிலர் கேட்பதுண்டு. எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. கம்பிக்கு ஆள் தெரியாது. உயிர் போனால் தற்காப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற பிரிவு 105 வரை போகும்.

தாலுகா அலுவலகத்தில் எல்லை அளக்க விண்ணப்பியுங்கள், புலப்பட நகலையும் பட்டாவையும் இணைத்து. சர்வேயர் வரும்போது பக்கத்து வீட்டாருக்கும் அறிவிப்புப் போயிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அளவையே பிறகு மறுப்பார்கள். அமைதி கெடும் நிலை நீடித்தால் இரு தரப்பிடமும் ஓராண்டு வரை அமைதி காப்பதற்கான பிணை வாங்க நிர்வாக நடுவருக்குச் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 126இல் அதிகாரம் உண்டு. சந்து யார் அனுபவத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு அதே சட்டத்தின் பிரிவு 164 விசாரணை. நிரந்தரத் தீர்வுக்கு முன்சீப் நீதிமன்றத்தில் உறுத்துக் கட்டளை (இன்ஜங்ஷன்) கோரும் வழக்கு. சர்வேயர் அத்துக்கல் நட்டுவிட்டுப் போகும்வரை, பாதி போட்ட அந்த வேலியில் இன்னொரு கம்பி கூடக் கட்டாதீர்கள், கட்டியதைப் பிடுங்கவும் வேண்டாம். இருக்கும் நிலையிலேயே நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.