எழுதியவர் எந்தப் பக்கம்?

கேள்வி: ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலமொழித் தேர்வின் வாசிப்புப் பரீட்சைக்குப் படிக்கிறேன். பந்தி விளங்குகிறது. ஆனால் எழுதியவரின் மனப்பாங்கு என்ன என்று கேட்டால் பிழைத்துவிடுகிறது. ஏன்?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: பவளப்பாறை அழிவதைப் பற்றிய பந்தி என்றால் எழுதியவர் கவலைப்படுகிறார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கவலை தருவது விஷயம். எழுதியவரின் மனம் அவர் தேர்ந்த சின்னச் சொற்களில்தான் கிடக்கும். உங்கள் ஊரை வைத்தே ஒரு வசனம் அமைத்துப் பார்ப்போம்:

'புறா தீவுக்கு ஆட்கள் கூடியதால் படகோட்டிகளுக்கு வருமானம் வந்தது உண்மைதான். ஆனால் பவளப்பாறை மிதிபடாமல் காக்கும் முயற்சி வெறும் அறிவித்தல் பலகைகளோடு நின்றுவிட்டது.'

'உண்மைதான்' என்பது மறுபக்கத்துக்கு விட்டுக்கொடுப்பது. 'ஆனால்' வந்ததும் அவருடைய சொந்த நிலைப்பாடு தொடங்குகிறது. 'வெறும்', 'நின்றுவிட்டது' இரண்டும் குறை சொல்கின்றன. ஆகவே விடை, அளவோடு கூடிய விமர்சனம். 'ஆத்திரம்' பிழை, அந்தச் சூடு வசனத்தில் இல்லை. 'நடுநிலை'யும் பிழை, 'வெறும்' என்ற ஒரு சொல்லே அதைக் கெடுத்துவிடும். ஆங்கிலப் பந்தியில் மியர்லி (வெறும்), அட்மிட்டட்லி (உண்மைதான்), சோ கோல்ட் (என்று சொல்லப்படும்), ஹவெவர் (ஆனால்) போன்றவற்றைக் கண்ட இடத்தில் கோடிடுங்கள். 'சிலர் வாதிடுகின்றனர்' என்று வந்தால் அது மற்றவர் குரல். அதை எழுதியவரின் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

யெஸ், நோ, நொட் கிவன் (பந்தியில் சொல்லப்படவில்லை) என்று விடை போடும் வினாக்கள் கேட்பதும் எழுதியவரின் கருத்தைத்தான் (ட்ரூ, ஃபோல்ஸ் வகை தகவலைக் கேட்பது). 'படகுகளைக் குறைக்க வேண்டும் என்கிறார்' என்று வந்தால், மேலுள்ள வசனத்துக்கு விடை நொட் கிவன். குறை சொன்னவர் தீர்வும் சொல்லியிருப்பார் என்று நாமே ஊகித்து யெஸ் போடுகிறோம்; புள்ளி போவது பெரும்பாலும் இங்கேதான். நோ போட வேண்டுமானால் அவர் அதற்கு நேர்மாறாகச் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: விடைகளில் வரும் மனப்பாங்குச் சொற்களே விளங்குவதில்லையே?
– வாசகர், நிலாவெளி

பதில்: முதலில் இந்த மூன்றையும் பிரித்தறியுங்கள். ஸ்கெப்டிகல்: நம்பத் தயங்குவது. ஆம்பிவலன்ட்: இரு மனமாக இருப்பது. இன்டிஃபரன்ட்: அக்கறையே இல்லாதது. ஒரு விஷயத்தைப் பல பந்திகளில் எழுதியவர் அக்கறையற்றவராக இருப்பது அரிது. அந்த விடையைக் கடைசியாக வைத்துப் பாருங்கள். 60 நிமிடத்தில் 40 வினா என்பதால், இரண்டு விடைகளுக்கிடையே தடுமாறினால் சூடு குறைந்த விடையைத் தெரிவுசெய்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.