ஓலைச்சுவடி: சீட்டில் வந்த கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் சீட்டு எழுதிப் போடச் சொன்னேன், ஒரு பை நிறைய வந்துவிட்டது. அன்று விட்டுப்போனதற்கெல்லாம் இங்கே பதில். முப்பது வருஷம் சுவடிகளோடு கிடந்தவன், அதனால் சுவடி பற்றிக் கேட்டால் நீளமாகப் பேசுவேன். மற்றதற்கு என்னை எதிர்பார்க்காதீர்கள்.

லாஸ்பேட்டை மாணவி: யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் சைவச் சுவடிகளைப் பல்கலைக்கழக நூலகத்தில் பார்க்கலாமா?

அங்கே இல்லை அம்மா. காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1985இல் வந்தது. அதன் நூலகத்துக்கு, பிரெஞ்சுக் காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்த ரங்கப் பிள்ளை பெயர் வைத்ததால் பழைய ஏடெல்லாம் அங்கே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நீ கேட்பது புதுச்சேரி நகரத்துக்குள், செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும், டூமா வீதியில் பிரெஞ்சு தூரக்கிழக்கு ஆய்வுப் பள்ளியின் மையத்திலும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து சுமார் 11,000 சுவடிகள். 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின.

ஆய்வு நிறுவனத்தை 1955இல் தொடங்கியவர் பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா. அங்கே வேலை பார்த்த சமஸ்கிருத அறிஞர் என்.ஆர். பட் அவர்களும் உடனிருந்த பண்டிதர்களும் கோயில் கோயிலாக, குருக்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தார்கள். தர மனமில்லாதவர்களிடம் இரவல் வாங்கித் தாளில் படியெடுத்தார்கள். அந்தத் தாள் படிகள் மட்டுமே ஆயிரத்துக்கு மேல்.

ஒரே ஆகமத்துக்கு, அதாவது கோயில் வழிபாட்டு முறை சொல்லும் ஒரே நூலுக்கு, பத்துப் பன்னிரண்டு சுவடி எதற்கு என்று கேட்பார்கள். அதுதான் விஷயமே. ஓலை சில நூறு வருஷம்தான் தாங்கும், அதற்குள் இன்னொருவர் படியெடுத்தாக வேண்டும். எடுக்கும்போது ஒரு வரி விடுபடும், ஒரு எழுத்து மாறும். திருநெல்வேலிப் பக்கத்து ஏட்டில் விட்டது தஞ்சாவூர்ப் பக்கத்து ஏட்டில் இருக்கலாம். பத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் எது மூலம், எது கைப்பிழை என்று தெரியும். 1961இல் பட் பதிப்பித்த ரௌரவாகமம் அப்படி வந்ததுதான். வீட்டில் இருக்கும் ஒற்றைச் சுவடியை ‘இது ஏற்கெனவே அச்சாகிவிட்டது’ என்று தள்ளிவிடாதீர்கள்.

கடலூர் ஆசிரியர்: சமஸ்கிருத நூல்களுக்கு ஏன் இத்தனை ஆரவாரம்? தமிழுக்கு என்ன லாபம்?

நெய்வேலி நண்பர்: அதுவும் வெள்ளைக்காரன் அள்ளிக்கொண்டது!

இந்த இரண்டு சீட்டையும் வாசித்ததும் கூட்டத்தில் அரை மணி நேரம் போனது. நெய்வேலிக்காரருக்கு முதலில். அள்ளிக்கொண்டு எங்கே போனார்கள்? கடற்கரையிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது. பாரிசுக்குப் போன ஏடுகளும் உண்டு, அது வேறு கதை. இதில் சேர்க்காதீர்கள்.

ஆசிரியரே, மொழி பெரும்பாலும் சமஸ்கிருதம்தான், மறுக்கவில்லை. எழுத்து? பெரும்பாலும் கிரந்தம், தமிழ்நாட்டில் சமஸ்கிருதம் எழுத வைத்திருந்த எழுத்து. மாமல்லபுரத்தில் பல்லவன் வெட்டிய எழுத்தின் வாரிசு. நம்மூர் ஆள் நம்மூர்ப் பனையோலையில் நம்மூர் எழுத்தாணியால் கீறியது. நம் சிவன் கோயிலில் கொடியேற்றம் எப்படி, லிங்கம் என்ன அளவு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ‘தமிழ் ஏடுகளை யார் காப்பாற்றினார்’ என்று எழுந்து நின்று கேட்டீர்கள், நல்ல கேள்வி. அதற்கு நம் வீடுகளைத்தான் கேட்க வேண்டும். ஆடிப்பெருக்கில் ஏட்டை ஆற்றில் விட்டவர்கள் வெள்ளைக்காரர்களா? என் தாத்தா வீட்டுக் கட்டுகள் பெண்ணையாற்றில் போயின. விட்டது என் பெரியப்பா.

சரி, அப்புறம் நீங்கள் பேசியது அரசியல். டீக்கடையில் வைத்துக்கொள்வோம்.

முத்தியால்பேட்டை: வீட்டில் ஏடு இருக்கிறது, நல்லெண்ணெய் தடவலாமா?

வேண்டாம். வேண்டவே வேண்டாம். சமையல் எண்ணெய் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும். சுவடி நூலகங்களில் தடவுவது எலுமிச்சம்புல் எண்ணெய், அதையும் தெரிந்தவர் கையால். லேமினேஷன் பற்றிக் கேட்டவருக்கும் இதே பதில்: வேண்டாம்.

வில்லியனூர்: எழுத்து தமிழ்தான், ஆனால் படிக்க முடியவில்லை.

பழைய ஏட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ‘கொடு’ என்றிருந்தால் கொடுவா, கோடா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். தெரிந்த பாட்டு உள்ள ஏடாக எடுத்து அச்சுப் புத்தகத்தோடு வைத்துப் படியுங்கள். இரண்டு மாதத்தில் கண் பழகிவிடும்.

பண்ருட்டி: எங்கள் ஏடு இரண்டாயிரம் வருஷம் பழையது. என்ன விலை போகும்?

நூல் பழையதாக இருக்கலாம், ஓலை இருக்காது. விலை சொல்வதில்லை.

அரியாங்குப்பம்: விலை...

மேலே பார்க்கவும்.

திருப்பாதிரிப்புலியூர்: ரசவாதம், தங்கம் செய்யும் முறை உள்ள சுவடி எது?

தெரிந்திருந்தால் நான் ஏன் பென்ஷனுக்கு நிற்கிறேன்?

உப்பளம்: பாட்டனாரின் பிரெஞ்சுக் காலப் பிறப்புப் பதிவு நூலகத்தில் கிடைக்குமா? பிரெஞ்சு நேஷனாலிட்டிக்கு வேண்டும்.

கிடைக்காது. நகராட்சியில் கேளுங்கள்.

சிதம்பரம்: எண்ணெய்...

ஐயா, நல்லெண்ணெய் மட்டுமல்ல, தேங்காய் எண்ணெயும் வேண்டாம்.