பாட்டியின் வீடும் முரண்மெய்யும்

ஐயா, முரண்மெய் (paradox), முரண்பாடு (contradiction), முரண்நகை (irony) மூன்றும் ஒன்றுதானா? ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு விளக்கத் திணறுகிறேன். "உலகத்துச் சக்கரங்களையெல்லாம் ஓட வைத்தது ரப்பர், அந்த மரத்தில் பால் வெட்டிய என் பாட்டிக்குச் சாகும்வரை சொந்த வீடில்லை" என்பதை முரண்மெய்க்கு எடுத்துக்காட்டாகக் கொடுத்தேன். சரிதானா? ஆங்கிலத்தில் உள்ள துல்லியம் தமிழில் இல்லையோ என்றும் தோன்றுகிறது.
– ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள ஆசிரியைக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். 1104ஆம் குறளை வகுப்பில் படித்துக் காட்டுங்கள். விலகினால் சுட்டு, நெருங்கினால் குளிரும் தீயை இவள் எங்கே பெற்றாள் என்று கேட்கிறான் காதலன். இதைவிடத் துல்லியம் வேண்டுமென்றால் என்னிடம் இல்லை.

"எல்லோரும் பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடுவதற்கு) வந்தார்கள், கங்காணி மட்டும் வரவில்லை" என்பது முரண்பாடு. இரண்டில் ஒன்று பொய். தண்ணீர்ப் பந்தல் வைத்தவரே தாகத்தில் மயங்கி விழுந்தால் அது முரண்நகை. முரண்மெய் கேட்டவுடன் பொய் போலிருக்கும். உள்ளே போனால் உண்மை. நான் இப்போது சொல்வது பொய் என்று ஒருவன் சொன்னால் அவன் சொன்னது பொய்யா மெய்யா என்ற கிரேக்கப் புதிரையும் இதில்தான் சேர்க்கிறார்கள். தேர்வுக்கு அது வேண்டாம், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்.

முரண்மெய்க்கு எடுத்துக்காட்டு உங்கள் ஊரிலேயே நிற்கிறது. பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, காயப்படுத்தக் காயப்படுத்த அது கூடுதலாகப் பால் தருகிறது. பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி, பழைய வெட்டையே மெல்லச் சீவிச் சீவித் திறந்தால் பால் பெருகுவதைக் கண்டார். என் அம்மா ரிட்லியைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் விடியுமுன் தம் பங்கு மரவரிசையான நிரையில் இறங்கிவிடுவார். வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் குறையும், பால் பிடிக்கும் மங்கு நிறையாது. பட்டைக்குள் எவ்வளவு இறங்கலாம் என்பது அவர் கைக்குத் தெரியும். கூடுதலாக இறங்கினால் மரம் முண்டும் முடிச்சுமாகிவிடும், மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் ஏச்சும் கிடைக்கும். வெட்டுப்பட்ட மரம் ஏன் வற்றிப்போவதில்லை என்ற கேள்விக்கு விடை அந்தப் பட்டைக்குள் இருக்கிறது.

உங்கள் பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். அங்கேதான் எனக்குக் கோபம். அதில் என்ன புதிர் இருக்கிறது, அம்மா? தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடு தோட்ட நிர்வாகத்தின் சொத்து. வேலை போனால் வீடும் போகும். சுதந்திரம் நெருங்கிய காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன; வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் பெயர் வைத்தது அதற்குத்தான். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் கையெழுத்து உண்டு, தேதி உண்டு. இதற்குப் போய் முரண்மெய் என்று பெயர் சூட்டினால், கேட்பவர் "அடடா, வாழ்க்கை எவ்வளவு விசித்திரம்!" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். எவரிடமும் கணக்குக் கேட்கத் தோன்றாது. மேடையில் நம்மவர்கள் இந்த வசனத்தைச் சொல்லிக் கைதட்டு வாங்குவதை இந்த ஊரிலேயே எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! பேசியவர் மாலையோடு காரில் ஏறிவிடுவார்.

அன்றைக்கே கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டியவர்கள் தங்கள் கூலியிலிருந்து பங்கு கட்டினார்கள். சங்கம் தோட்டங்களை வாங்கியது. கெடாவில் புக்கிட் சிடிம் அப்படித்தான் வந்தது. எல்லோருக்கும் வீடு கிடைத்துவிடவில்லை. என் அம்மாவுக்கும் கிடைக்கவில்லை; மகன் வீட்டுத் திண்ணையில்தான் முதுமை கழிந்தது. ஆனாலும் அவர் அதை விசித்திரம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "வித்துட்டான், போகச் சொன்னான்" என்பார். எழுவாய் எங்கே என்று கேட்டால் பெயரையும் சொல்வார்.

மாணவர்களுக்குப் பால்மரத்தையே சொல்லிக் கொடுங்கள். பாட்டியின் கதையைத் தனியாக எழுதுங்கள்: எந்த ஆண்டு, யார் விற்றார், யார் வாங்கினார், கையில் எவ்வளவு கொடுத்து அனுப்பினார்கள். இத்தனை வரி எழுதியும் அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டீர்கள். அடுத்த கடிதத்தில் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.