பாபநாசம் அணையிலிருந்து ஒரு வகைக்கெழு: முதலாண்டு இயற்பியல் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் இருபத்தெட்டு வருஷம் முதலாண்டு பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு இயக்கவியல் எடுத்திருக்கிறேன். நுண்கணிதத்தோடு இயற்பியல் கற்பிப்பதைப் பற்றி நம் பக்கத்து ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

வள்ளியூர், உதவிப் பேராசிரியை: சார், எக்ஸ் க்யூபை வகையிடச் சொன்னால் பிள்ளைகள் உடனே போட்டுவிடுகிறார்கள். இடப்பெயர்ச்சி, நேர வரைபடத்தைக் காட்டி, 'வண்டி எங்கே நிற்கிறது?' என்றால் முழிக்கிறார்கள். எங்கே தப்பு?

பிள்ளைகள் மேல் தப்பில்லை, டீச்சர். வகையிடல் அவர்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. அது என்ன சொல்கிறது என்று அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. நான் பாபநாசம் அணையில் தொடங்குவேன். மழைக்காலத்தில் பேப்பர் வந்ததும் நம் வீடுகளில் தேடுவது அந்தச் செய்தியைத்தானே: 143 அடி அணையில் நீர்மட்டம் இத்தனை, வரத்து இத்தனை, வெளியேற்றம் இத்தனை.

வரத்து வினாடிக்கு 1200 கனஅடி, வெளியேற்றம் 800 என்று வையுங்கள். வினாடிக்கு 400 கனஅடி இருப்பு கூடுகிறது. அந்த 400-தான் இருப்பின் வகைக்கெழு, அதாவது நேரத்தோடு இருப்பு மாறும் வீதம். மறுநாள் வரத்து 1000 ஆகக் குறைந்தால் அணை என்ன ஆகும் என்று கேளுங்கள். 'இறங்கும்' என்று பாதி வகுப்பு சொல்லும். அந்த இடத்தில் அவசரப்படாமல் நில்லுங்கள். அணை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, முன்னைவிட மெதுவாக. முடுக்கம் (வேகம் மாறும் வீதம்) குறைந்தால் வேகமும் குறையும் என்று பரீட்சையில் எழுதுகிறவன் இதே இடத்தில்தான் வழுக்குகிறான். வரத்து இறங்கி இறங்கி வெளியேற்றத்துக்குச் சமமாகும்போது நீர்மட்டம் உச்சத்தில் நிற்கும். பெருமத்தில் வகைக்கெழு ஏன் பூஜ்யம் என்பதை அதற்கப்புறம் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே சொல்வார்கள்.

தொகையிடலும் அங்கேயே இருக்கிறது. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. 400-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய மூன்றரைக் கோடி கனஅடி. வரத்து மணிக்கு மணி மாறினால் ஒரே பெருக்கலில் முடியாது. சின்னச் சின்ன நேரத் துண்டுகளாகப் பெருக்கிக் கூட்ட வேண்டும். தொகையிடலுக்குப் போடும், நீட்டி வளைத்த அந்தக் குறி (∫) இந்தக் கூட்டலுக்காகத்தான்.

அம்பாசமுத்திரம், முதலாண்டு மாணவன்: ஐயா, தொகையிட்டு முடித்ததும் ஒரு 'சி' போடச் சொல்கிறார்கள். அது எதற்கு?

ஒரு மாத வரத்தும் வெளியேற்றமும் முழுசாகக் கொடுத்தாலும், இன்று அணையில் எவ்வளவு தண்ணீர் என்று உன்னால் சொல்ல முடியாது தம்பி. எவ்வளவு கூடியது என்று மட்டும்தான் சொல்லலாம். ஒன்றாம் தேதி எவ்வளவு இருந்தது என்று யாராவது சொல்ல வேண்டும். அந்த ஒன்றாம் தேதி இருப்புதான் 'சி'.

சேரன்மகாதேவி, விரிவுரையாளர்: கணிதத் துறையில் தொகையிடல் நடத்தும்வரை காத்திருக்கலாமா?

வேண்டாம். 1687-ல் வந்த தன் நூலில் நியூட்டனே பெரும்பாலும் வடிவியல் படங்களை வைத்துத்தான் இயக்கத்தை விளக்கினார். வகைக்கெழுவுக்குச் சாய்வையும் தொகையிடலுக்குப் பரப்பையும் வரைபடத்தில் காட்டி நீங்கள் தொடங்கிவிடுங்கள். விதிகள் பின்னால் வரட்டும்.

திருநெல்வேலி டவுன், பள்ளி ஆசிரியர்: சார்வாள், 'ஓடுகிற பொருள் மேல் விசை இருந்துகொண்டே இருக்கும்' என்ற நம்பிக்கையை எப்படி மாற்றுவது?

இது நம் துறையின் பெரிய நோவு. 1992-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹெஸ்டனிஸும் உடன் உழைத்தவர்களும் இப்படிப்பட்ட நம்பிக்கைகளை வெளிக்கொண்டுவர ஒரு கேள்வித்தாளே தயாரித்தார்கள். கணக்கை நன்றாகப் போடுகிற மாணவர்களும் அதில் இடறினார்கள்.

நமக்கு ஆனித் தேரோட்டம் இருக்கிறது. நெல்லையப்பர் தேர் ரதவீதியில் ஒரே சீராகப் போகும்போது வடம் இழுக்கும் விசை பெரிதா, தரையின் தடை பெரிதா? 'இழுப்புதான் பெரிது' என்பார்கள். இரண்டும் சமம். வேகம் மாறவில்லை, நிகர விசை பூஜ்யம். தேர் நிலையை விட்டுக் கிளம்பும் நேரத்தில்தான் இழுப்பு தடையை மிஞ்ச வேண்டும். பின்னால் தடி போட்டு நெம்புவதும் அதற்குத்தான். வடம் பிடித்த பிள்ளை வகுப்பில் இருந்தால் எழுப்பிப் பேசச் சொல்லுங்கள். நான் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அவன் கை சொல்வது எடுபடும்.

நாங்குநேரி, பொறியியல் கல்லூரி ஆசிரியர்: வகுப்பில் அறுபது பேர். போர்ஷனும் முடியவேண்டும். பேச வைக்க நேரம் ஏது?

ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு கேள்வி போதும். கை தூக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவனோடு இரண்டு நிமிஷம் வாதாட விடுங்கள், மறுபடி கை தூக்கச் சொல்லுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-லிருந்து இப்படி நடத்தினார். 1998-ல் இன்னொரு இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஹேக் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களைத் தொகுத்தார். வெறும் விரிவுரை கேட்டவர்களைவிட இப்படிப் பங்கெடுத்துப் படித்தவர்களின் முன்னேற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்காக ஒரு நிறுவலைக் கைவிட நேர்ந்தால் விடுங்கள். புத்தகத்தில் அது அப்படியேதான் இருக்கிறது.

களக்காடு, மாணவி: நான் தமிழ் மீடியம். போர்டில் எழுதுவது புரிவதற்குள் அழித்துவிடுகிறார்கள். என்ன செய்ய?

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், போர்டு நிறைய நிறுவல் எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், 'சார், டி-வி பை டி-டியில (dv/dt) மேலயும் கீழயும் இருக்க டியை அடிச்சிரலாமா?' என்றான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். அவன் அப்புறம் கேள்வியே கேட்கவில்லை. அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தக் குறி 'நேரம் கொஞ்சம் நகரும்போது வேகம் எவ்வளவு மாறுகிறது' என்ற வாக்கியம் என்று நான் அவனுக்குச் சொல்லியே கொடுக்கவில்லையே.

நீ ஒவ்வொரு சமன்பாட்டுக்குக் கீழேயும் அது சொல்வதைத் தமிழில் ஒரு வரி எழுது, அம்மா. எழுத வராத வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போய் ஆசிரியரிடம் கேள்.